ஒன்றரைக் கட்டை

அண்ணே, ஒரு விஷயம் சொல்லணும். வேண்டாம், விஷயம் என்று தொடங்கினாலே அவர் இடுப்பில் கையை வைத்துக்கொள்வார். எங்கள் தெருவில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நல்லது எதுவும் வந்ததில்லை. அண்ணே, வெள்ளிக்கிழமை கச்சேரிக்கு நீங்க வர வேண்டாம். சுருக்கமாக இருக்கிறது, ஆனால் இனி எப்போதுமே வர வேண்டாம் என்பது அதில் இல்லை. வெள்ளிக்கிழமை மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு அதற்கடுத்த கச்சேரிக்கு வேனில் வந்து ஏறிவிட்டால் முதலிலிருந்து மறுபடியும் நானே சொல்ல வேண்டியிருக்கும். அண்ணே, நம்ம குழுவுல சில மாற்றங்கள் செய்யலாம்னு. இது தலைமையாசிரியருக்கு எழுதும் விண்ணப்பம் மாதிரி இருக்கிறது, மாற்றங்கள் என்று ரேஷன் கடையில் நின்றுகொண்டு யார் பேசுவார்கள். எனக்கு முன்னால் பதினோரு பேர் நிற்கிறார்கள். கைரேகை மெஷினுக்கு சர்வர் கிடைக்கவில்லை என்று பில் போடுகிற அக்கா சொல்லி அரை மணி நேரம் ஆகிறது. கடைக்குள்ளே அரிசிச் சாக்குகளுக்கு நடுவில், தராசுக்குப் பக்கத்தில், காக்கிச் சட்டையின் முதல் இரண்டு பட்டன்களைக் கழற்றிவிட்டுக்கொண்டு கொம்பையா அண்ணன் நிற்கிறார். அவர் இந்தக் கடையில் எடை போடுகிறவர். கோயில் கொடை விழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் சந்தனமாரி இன்னிசைக் குழுவின் பாடகர். நான் அதே குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். அவரைக் குழுவை விட்டுப் போகச் சொல்லிவிட்டு வரவேண்டும் என்று என்னை அனுப்பியிருக்கிறார்கள். அம்மாவின் ரேஷன் அட்டை இந்தக் கடையில்தான் என்பதால் பையோடு வந்து நிற்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. சந்தேகப்பட இதில் என்ன இருக்கிறது, நான் திருடவா வந்தேன், ஆனாலும் பையின் காதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இன்று மாலை ஆறு மணிக்கு முக்குரோட்டில் பிளெக்ஸ் கட்டிவிடுவார்கள். அதில் அவர் படம் இல்லை. தென்காசிக்காரர் ஒருவரின் படம் இருக்கிறது, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மைக்கைப் பிடித்தபடி. கொம்பையா அண்ணன் வேலை முடிந்து சைக்கிளில் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போவார்.

"நீ சொல்லிரு முத்து, நீதான் படிச்சவன், பக்குவமாச் சொல்லுவ" என்றார் லூர்து அண்ணன். குழு அவருடையது, ரிதம் பேடு வாசிப்பதும் அவர்தான், மைக்செட் வாடகைக்கு விடுகிற கடையும் அவருடையது. அந்தக் கடையின் பின்கட்டில், ஸ்பீக்கர் பெட்டிகளின் மேல் உட்கார்ந்துகொண்டு முந்தாநாள் முடிவுசெய்தோம். படித்தவன். பி.எஸ்சி. இயற்பியல். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். சொரிமுத்து என்ற பெயரைப் பட்டமளிப்பு விழாவில் மைக்கில் வாசித்தபோது பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள், எனக்குப் பெருமையும் எரிச்சலும் ஒன்றாக வந்தது, மேடை ஏறும்போது கால் தடுக்கியது. படித்து என்ன தெரிந்துகொண்டேன் என்று யாராவது கேட்டால் ஒலியின் அதிர்வெண் தெரியும், சுருதி அரைக் கட்டை இறங்கினால் அது எத்தனை பங்கு குறையும் என்று கணக்குப் போட்டுச் சொல்லத் தெரியும். ஒரு மனிதனிடம் நீ வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்பதற்கு எந்தப் பாடத்திலும் சூத்திரம் கிடையாது. ஆனால் லூர்து அண்ணன் அப்படித்தான் நம்புகிறார், பட்டம் வாங்கினவனுக்கு வலிக்காமல் ஊசி போடத் தெரியும் என்று. "கொம்பையா வாய் இருக்கே, அது குழுவையே முழுங்கிரும்ல. அந்தப் புள்ள வளர்மதிய மேடையில வச்சு என்ன கேட்டான்? சாப்பிட்டியாம்மா, மைக்குல காத்துதான் வருதுன்னு கேட்டான். ஐந்நூறு பேரு சிரிச்சாவ. ஜெபினை என்ன சொன்னான்? அது கிட்டாரா வெறகான்னு. இப்படி ஒருத்தன வச்சுக்கிட்டு எப்படி நடத்த?" என்றார். வளர்மதி அக்கா, எங்கள் பாடகி, டீ டம்ளரைத் துப்பட்டாவால் சுற்றிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். "போகட்டும்ணே, நான் மன்னிச்சுட்டேன், ஆனா இனிமே அவர் கூட நின்னு பாட முடியாது" என்றாள். கிட்டார் வாசிக்கும் ஜெபின் வரவில்லை. அவர் இருந்தால் நான் வரமாட்டேன் என்று செய்தி மட்டும் அனுப்பியிருந்தான். "நீ என்ன சொல்லுத முத்து?" என்று லூர்து அண்ணன் கேட்டபோது நான் வாயைத் திறந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். வாய் திறந்துதான் இருந்தது. "சரிண்ணே" என்றுதான் வந்தது.

சர்வர் வந்துவிட்டது போல, வரிசை அசைகிறது, இரண்டு பேர் உள்ளே போகிறார்கள். இல்லை, மறுபடியும் நின்றுவிட்டது. எனக்குச் சற்று முன்னால் நிற்கும் பெரியம்மா, முட்டைக் கடைக்காரர் வீட்டு ஆச்சி, தன் பெருவிரலைச் சேலையில் தேய்த்துத் தேய்த்து வைத்துக்கொள்கிறாள். "இந்த மிஷினு என் கைய மட்டும் தெரியாதுங்கு. பெத்த புள்ளையே தெரியாதுங்கான், மிஷினைச் சொல்லி என்ன?" என்கிறாள் பொதுவாக. இரண்டு பேர் சிரிக்கிறார்கள். அம்மாவுக்கும் அப்படித்தான், பீடி சுற்றிச் சுற்றி ரேகை தேய்ந்துபோய்விட்டது, நான்கு முறை வைத்தும் ஏற்காமல் போன மாதத்திலிருந்து என் விரல்தான். உள்ளேயிருந்து கொம்பையா அண்ணனின் குரல் கேட்கிறது. "ஆச்சி, வெள்ளிக்கிழமை கொடைக்கு வந்திருங்க, ஒம்பது மணிக்கு நம்ம கச்சேரி. புதுசா நாலு பாட்டு எடுத்திருக்கேன். முன்னால வந்து உக்காருங்க, பின்னால உக்காந்துட்டுக் காதுல விழலைன்னு சொல்லக்கூடாது." "நீ பாடுனா ஊரு எல்லையில நின்னாலும் காதுல விழும்டே" என்கிறாள் ஆச்சி. அவர் எல்லாரையும் கூப்பிடுகிறார். வரிசையில் நிற்கிற ஒவ்வொருவரையும். பில் போடுகிற அக்காவை, சாக்கு இறக்க வந்த லாரிக்காரரை. ஒவ்வொரு அழைப்புக்கும் நான் சொல்லவேண்டியது ஒரு ஆள் கனம் கூடுகிறது. இருபது நிமிடத்துக்கு முன்பு, அவர் இதைத் தொடங்குவதற்கு முன்பு, முன்னால் போய்ச் சொல்லியிருந்தால் அவர் ஒருவருக்கு மட்டும் அவமானம். இப்போது இந்த வரிசைக்கே பதில் சொல்ல வேண்டும். இன்னும் பத்து நிமிடம் கழித்து இன்னும் கூடும். எனக்கு இது தெரிகிறது, இப்போதே போய்விடு என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன், போனால் வரிசையில் இடம் போய்விடும் என்றும் சொல்லிக்கொள்கிறேன், இதில் எது காரணம் எது சாக்கு என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

அந்த நாளை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தாலும் அதே இடத்தில்தான் விரல் நிற்கிறது. இரண்டு வருடம் முன்பு, ஆற்றுக்கு அக்கரையில் ஒரு மாதா கோயில் திருவிழா. எல்லாக் குழுவிலும் பாடகருக்கு எத்தனை கட்டை சுருதி என்று கேட்டுக்கொண்டுதான் வாசிப்பார்கள். குரலுக்குத் தக்கபடி அரையோ ஒன்றோ இறக்கிக்கொள்வதில் ஒரு கேவலமும் இல்லை, பெரிய பாடகர்களே செய்வார்கள். கொம்பையா அண்ணன் மட்டும் செய்யமாட்டார். ஒவ்வொரு பாட்டுக்கு முன்பும் மைக்கில் சொல்லுவார், இந்தப் பாட்டை ரிக்கார்டில் இருக்கிற அதே சுருதியில், ஒரு நூல்கூட இறக்காமல் பாடப்போகிறேன் என்று. அதற்குத் தனியாகக் கைதட்டு விழும். அன்றைக்கு மூன்றாவது பாட்டில், சரணத்தில் மேலே ஏறும் இடத்தில் அவருக்குக் குரல் உடைந்தது. கிழிந்த துணி மாதிரி ஒரு சத்தம். கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை. மருத்துவமனையில் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்த அறை என்று தெரியாமல் நிற்பவர்களின் பார்வை. நான் குழுவில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அடுத்த பாட்டுக்கு அவர் அதே சுருதியில் பாடப்போகிறேன் என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தபோது, கீபோர்டில் சுருதியை இறக்கும் பொத்தானை ஒரு தடவை அழுத்தினேன். திரையில் மைனஸ் ஒன்று என்று வந்தது. அரைக் கட்டை. அப்போது சுருதி உள்ள வாத்தியம் குழுவில் என்னுடையது மட்டும்தான், வேறு யாருக்கும் தெரிய வழியில்லை. பாட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. முடிந்ததும் அவர் வந்து என் பிடரியில் கை வைத்து அழுத்தினார். "இன்னைக்குத்தாம்ல தொண்டை தொறந்துச்சு" என்றார். அவர் உள்ளங்கை சூடாக இருந்தது. நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் தொடங்கியது எல்லாம். நான் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பதை இத்தனை தடவை சொல்லிப் பார்க்க வேண்டியிருப்பது எதனால்? அடுத்த வருடம் அரைக் கட்டை போதவில்லை, ஒரு கட்டை ஆக்கினேன். இந்த வருடம் ஒன்றரை. வீட்டில் ரிக்கார்டு போட்டுச் சேர்ந்து பாடினால் குரல் எட்டமாட்டேன் என்கிறது, மேடை ஏறினால் தானாக வந்துவிடுகிறது என்று ஒருநாள் வேனில் என்னிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னார். "எனக்கு ஒத்திகை ஆகாதுல. நமக்கு மேடைதான் சாமி." அதன்பிறகு அவர் ஒத்திகைக்கு வரவில்லை. ஒத்திகைக்கு வராதவன் என்ற குற்றச்சாட்டும் லூர்து அண்ணனின் பட்டியலில் இருக்கிறது.

ஏழு பேர். இப்போது எனக்கு முன்னால் ஏழு பேர். பட்டியலில் இருப்பதில் எத்தனை அவர் செய்தது, எத்தனை நான் செய்தது என்று பிரித்துப் பார்க்கிறேன், பரிசோதனைக் கூடத்தில் பிழையைக் கருவியின் பிழை, பார்ப்பவனின் பிழை என்று பிரிப்பது போல. வேனில் முன்சீட்டுதான் வேண்டும் என்று சண்டை போடுவது அவர். தாமதமாக வருவது அவர். மேடையில் பிறரை மட்டம் தட்டுவதும் அவர்தான், அந்த வாய் அவருடையது. ஆனால் வளர்மதி அக்காவின் குரல் ஏன் காற்றானது? ஜோடிப்பாட்டில் அவருக்காக ஒன்றரைக் கட்டை இறக்கினால் அவளுக்கும் சேர்த்து இறங்குகிறது, அவளுடைய வரிகள் அடிவயிற்றுக்குக் கீழே போய்விடுகின்றன, எந்தப் பெண்ணுக்கும் அங்கே குரல் கிடையாது. அவள் ஒருநாள் என்னிடம் கேட்டாள், பஸ் ஸ்டாண்டில், கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தபோது. "முத்து, நீ சுருதிய இறக்குதியா? என் தொண்டைதான் போயிட்டோன்னு பயமா இருக்கு." நான் "இல்லக்கா" என்றேன். எவ்வளவு சீக்கிரமாக வந்தது அந்த இல்லை. அவள் ஒரு டாக்டரிடம் போய்த் தொண்டையைக் காட்டிவிட்டு வந்தாள். ஜெபின் விஷயம் அதைவிட மோசம். அவன் தை மாதம் சேர்ந்தான், ஒத்திகையில் என்னோடு ரிக்கார்டின் சுருதியிலேயே வாசித்துப் பழகினான், சுத்தமாக வாசிப்பான். முதல் கச்சேரியில் கொம்பையா அண்ணன் அதே சுருதியில் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் விரல் பழக்கத்தில் போய் மூன்று தடவை அழுத்திவிட்டது. மேடையில் இன்னொரு வாத்தியம் இருக்கிறது என்பதே விரலுக்கு நினைவில்லை. இரண்டு ரேடியோ ஒரே நேரத்தில் பாடுவது மாதிரி ஒரு சத்தம். நான் உடனே சுருதியை ஏற்றினால் அண்ணனின் குரல் உடையும். ஏற்றாவிட்டால் ஜெபின் தப்பு என்று ஆகும். ஜெபின் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்து, நிறுத்து என்று தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை நான் என்ன செய்வது? அண்ணன் வெறகு என்று சொன்னதற்கு அவரைத் துரத்துகிறோம், நான் தலையாட்டியதற்கு என்னைத் தூது அனுப்புகிறார்கள். ஜெபின் தன் காசில் சுருதி பார்க்கும் புதிய கருவி ஒன்று வாங்கினான் என்று கேள்விப்பட்டேன். அவனும் தன் மேல்தான் தப்பு என்று நினைக்கிறான். இரண்டு பேர் தங்கள் காதையும் தொண்டையையும் சந்தேகித்துக்கொண்டிருக்கிறார்கள், ஒரு பொத்தானுக்காக. கொம்பையா அண்ணன்கூடச் சில சமயம் பாதிப் பாட்டில் காதைப் பொத்திக்கொண்டு, என்னமோ சரியில்லையே, யாரோ தப்பா வாசிக்கான் என்று எரிந்து விழுவார். குழுவில் எல்லோருக்கும் அது திமிராகத் தெரிந்தது. அவர் காது சரியாகத்தான் இருந்தது.

ஆகவே, நான் சொல்லவேண்டியது ஒன்று இல்லை, இரண்டு. போங்க என்பது ஒன்று. ஏன் என்பது இன்னொன்று. வாய் என்று சொன்னால் அவர் நம்புவார், கோபப்படுவார், வெளியே போய் எங்களை ஏசுவார், குரல் அவரிடமே இருக்கும். நாளைக்கு வேறு குழுவில் போய்ச் சேர்வார். அங்கே பொத்தான் அழுத்த ஆள் இருக்காது. முதல் பாட்டிலேயே, புது ஊரில், தெரியாத கூட்டத்துக்கு முன்னால் அந்தக் கிழிகிற சத்தம் வரும், அவர் திரும்பிப் பார்ப்பார், அங்கே நான் இருக்கமாட்டேன். உண்மையைச் சொன்னால் இப்போதே, சாக்குகளுக்கு நடுவில், எல்லாம் போய்விடும். எதைச் சொன்னாலும் அவர் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்குகிறேன். உண்மையைச் சொன்னால் என் கையிலிருந்தும் போகும், லூர்து அண்ணன் ஒரு நாள்கூட வைத்திருக்கமாட்டார், போட்டித் தேர்வு இரண்டு தடவை போய்விட்டது, மேடையில் அந்த மூன்று மணி நேரம் மட்டும்தான் நான் எதற்காவது உபயோகப்படுகிறவனாக இருக்கிறேன். பார், அவருக்காகக் கவலைப்படுகிறேன் என்று தொடங்கி எங்கே வந்து நிற்கிறேன். சர்வர் வந்துவிட்டது. இந்தத் தடவை நிஜமாகவே வந்துவிட்டது. ஆச்சியின் விரலை மெஷின் முதல் தடவையே ஏற்றுக்கொண்டது, "பாத்தியா, இன்னைக்கு நம்மள அடையாளம் தெரிஞ்சுட்டு" என்று அவள் எல்லோரையும் திரும்பிப் பார்க்கிறாள். மூன்று பேர். இரண்டு. அரிசி தராசுத் தட்டில் விழும் சத்தம், சாக்கின் சணல் வாசனை, பாமாயில் பாக்கெட் ஒன்று எங்கோ ஒழுகுகிற பிசுபிசுப்பு. என் விரல் ஈரமாக இருக்கிறது, சட்டையில் துடைக்கிறேன். மெஷின் பச்சையாக எரிகிறது. "பன்னிரண்டு கிலோ" என்று அக்கா சீட்டைக் கிழித்துத் தருகிறாள். கால் அந்தப் பக்கம் நடக்கிறது. இன்னும் எந்த வாக்கியமும் தயாராக இல்லை.

"வாலே, பி.எஸ்சி. நீயும் வரிசையிலயா நின்ன? ஒரு சத்தம் குடுத்திருந்தா உள்ள கூப்பிட்டிருப்பம்லா" என்கிறார். பையை என் கையிலிருந்து வாங்கித் தராசில் விரிக்கிறார். "வெள்ளிக்கிழமை வேன் எத்தன மணிக்குன்னு லூர்து சொன்னானா? முன்சீட்டு எனக்குன்னு சொல்லி வை." நான் சொல்கிறேன். எந்த முன்னேற்பாடும் இல்லாமல் அது வந்துவிடுகிறது. "அண்ணே, நீங்க வர வேண்டாம்னு சொல்லச் சொன்னாங்க. இனிமேல். தென்காசியிலருந்து வேற ஆள் போட்டிருக்கு." அரிசி அள்ளும் கை சாக்குக்குள்ளேயே நிற்கிறது. "யாரு சொல்லச் சொன்னா?" "எல்லாரும்." "நீ?" "நானும் அங்க இருந்தேன்." "இருந்தியான்னா கேட்டேன்? சொன்னியான்னு கேட்டேன்." "சரின்னு சொன்னேண்ணே." அவர் கையை வெளியே எடுத்து, ஒட்டியிருந்த அரிசியை உதறுகிறார். "என் வாயி. அதானே? வாய்க்குத்தானே?" ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவரே எடுத்து என் கையில் தருகிறார், ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். "வாய் இல்லண்ணே" என்கிறேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, இல்லக்கா என்று சொன்ன அதே வேகம். பிறகு நிறுத்த முடியவில்லை, மாதா கோயில் திருவிழாவையும் பொத்தானையும் ஜெபினையும் வளர்மதி அக்காவையும், அரை, ஒன்று, ஒன்றரை என்று எல்லாவற்றையும் தாழ்ந்த குரலில் தராசைப் பார்த்துக்கொண்டே சொல்கிறேன். நிமிர்ந்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒரு கணம் அவர் கண் சாக்குகளைத் தாண்டி எங்கேயோ போனது, அவர் வீட்டில், ரிக்கார்டுக்குப் பக்கத்தில், எட்டாத ஒரு வரியிடம் போயிருக்க வேண்டும். பிறகு திரும்பி வந்தது. சிரித்தார். "ஒன்றரைக் கட்டை. படிச்சவன்லா. ஒருத்தன வெரட்டணும்னா வாயி சரியில்ல, ஆளு சரியில்லன்னு சொல்லிட்டுப் போவான் பாமரன். நீ கணக்கோட வந்திருக்க." "சத்தியமாண்ணே." "சத்தியம் எதுக்குல? இந்தா நிக்கேன். கேளு."

அவர் பாடினார். தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இடது கையைக் காதில் வைத்துக்கொண்டு, நாங்கள் எல்லாக் கச்சேரியிலும் கடைசியில் வைக்கிற பாட்டின் சரணத்தை, அந்த மேலே ஏறும் இடத்தை. பில் போடுகிற அக்கா கையில் சீட்டோடு திரும்பினாள். குரல் ஏறியது, உடையவில்லை, பிசிறில்லை, உச்சியில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கியது. அவ்வளவு அழகாக அவர் பாடி நான் கேட்டதில்லை. மேடையில் எனக்கு எப்போதும் பயம் இருக்கும், பயமில்லாமல் கேட்பது இதுதான் முதல் தடவை. பக்கத்தில் எந்த வாத்தியமும் இல்லை, ஒப்பிட ஒன்றும் இல்லை. அவர் எங்கே தொடங்கினாரோ அதுவே சுருதி. ரிக்கார்டைவிட ஒன்றரைக் கட்டைக்கும் கீழே தொடங்கினார், இரண்டு கட்டை இருக்கும், அது எனக்கு மட்டும் தெரிந்தது. ஆச்சி கைதட்டினாள். பின்னாலிருந்து நாலைந்து பேர் தட்டினார்கள். "என்னா குரலுடே" என்றார் லாரிக்காரர். "சொல்லு" என்றார் அண்ணன், மூச்சு வாங்கிக்கொண்டு. "எல்லாரும் கேட்டாவ. சொல்லுல. வந்துச்சா, வரலியா?" என் சட்டைப்பையில் போன் இருந்தது. அதில் அந்தப் பாட்டின் ரிக்கார்டு இருக்கிறது. எடுத்து ஒரு தடவை தொட்டால் போதும், பத்து வினாடி, ஒரு விளக்கமும் தேவைப்படாது, ஆச்சிக்குக்கூடப் புரிந்துவிடும். கை போன் வரைக்கும் போனது. அவர் முகத்தில் வியர்வையும் அரிசித் தூசியும் கலந்து வெள்ளையாகக் கோடு விழுந்திருந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மேடையில் குரல் உடைந்தபோது திரும்பிப் பார்த்தாரே, அப்படி. "வந்துச்சுண்ணே" என்றேன். "பின்ன?" நான் சட்டைப்பையிலிருந்து கையை எடுத்தேன். "பின்ன என்னத்துக்குல என்னைய வேண்டாங்கிய?" வரிசையிலிருந்து யாரோ, "என்னப்பா, அவரையா வேண்டாங்கீங்க, நல்லாத்தானே பாடுதாரு" என்றார்கள். "என்னமோ பொறாமை" என்றது இன்னொரு குரல். என்னிடம் பதில் ஒன்று இருந்தது, அதைச் சற்று முன்னால் சொல்லிவிட்டேன், பிறகு அதை நானே எல்லோர் முன்னாலும் இல்லை என்றாக்கிவிட்டேன், இனி எந்தக் காலத்திலும் அதைச் சொல்ல முடியாது. "தம்பி, வாங்கிட்டு நகருப்பா, பின்னால ஆள் நிக்கி" என்றாள் பில் போடுகிற அக்கா. அண்ணன் அள்ளத் தொடங்கினார். நிதானமாக, ஒவ்வொரு அள்ளாக. "வெள்ளிக்கிழமை வருவேன். கூட்டத்துல முன்னால நின்னு கேப்பேன், ஒங்க தென்காசிக்காரன் எந்தச் சுருதியில பாடுதான்னு. எனக்கு வாசிச்ச மாதிரியே அவனுக்கும் வாசி." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். தராசின் சிவப்பு எண்கள் ஏறி ஏறி பன்னிரண்டைத் தொட்டு நின்றன. பையின் வாயைக் கூட்டிப் பிடித்து என் பக்கம் தள்ளினார். "எடையைப் பாத்துக்க. அப்புறம் குறைஞ்சிருக்குன்னு எங்கயும் போய்ச் சொல்லக்கூடாது." நான் குனிந்து பார்த்தேன். "சரியா இருக்குண்ணே" என்றேன்.